மணிப்பூட்டும் மாற்றுத் திறப்பும்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வரைந்து தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபோது, எதனைப் பற்றி எழுதுவதென்று நான் பெரிதும் மயங்கவில்லை. கல்லூரியின் வரலாறு, அதிபர்களின் அரும்பணி, துடுப்பாட்ட வெற்றிகள், விடுதிச்சாலையின் தண்ணீர்ச் சாம்பார் ஆகியன பற்றி என்னிலும் தகுதியுடையோர் எழுதுவர். நான் எழுத எடுத்துக்கொண்டதோ பேய்க்கதைப் படம் ஒன்றைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், நல்ல படம் ஒன்றைத் தமிழிலே மறுபடி எடுத்தபோது நான் அடைந்த ஏமாற்றத்தைப் பற்றியது. இத்தகைய பொருளுக்குக் கல்லூரி மலரில் இடமுண்டோ எனப் புருவம் நெரிப்போர் சற்றே பொறுத்தருள்க. கல்லூரியிலே கற்ற பாடம் ஒன்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து என் குடும்பத்துக்கு எவ்வாறு உதவிற்று என்பதே இக்கட்டுரையின் உட்பொருளாகும்.

விடுதி மாணாக்கனாக நான் இருந்த காலத்தில், 1967ஆம் ஆண்டு என்று நினைவு, யாழ்ப்பாண நகரத்துப் படமாளிகை ஒன்றிலே ‘யார் நீ?’ என்னும் படம் ஓடியது. 1964ஆம் ஆண்டிலே ராஜ் கோஸ்லா இந்தியில் நெறிப்படுத்திய ‘வோ கௌன் தீ?’ என்னும் படத்தின் தமிழ் வடிவம் அது. இந்தியிலே சாதனா ஏற்ற வேடத்தைத் தமிழிலே ஜெயலலிதா ஏற்றிருந்தார். மழை இரவு, வெண்சேலை உடுத்த பெண்ணொருத்தி, தனி வழியே வரும் மோட்டார்க் கார் என்ற அந்தத் தொடக்கக் காட்சியைப் பற்றிப் பகல் மாணாக்கர் வருணிக்கக் கேட்டபின், விடுதியிலே அடங்கிக் கிடத்தல் எங்களால் இயலவில்லை. நால்வர் மதிலேறிக் குதித்து இரண்டாம் காட்சிக்குச் சென்றோம். கலரியிலே இருந்து பார்த்தோம். திரும்பி வரும்போது மதிலின் உட்புறத்திலே விடுதி மேற்பார்வையாளர் நின்றுகொண்டிருந்தார். அன்றிரவு நாங்கள் கண்ட மெய்யான பேய் அவரேயாவர்.

மறுநாள் காலை தமிழ்ப் பாடவேளையில் எங்கள் நால்வரையும் ஆசிரியர் எழுப்பி நிறுத்தினார். அடி விழும் என்று எதிர்பார்த்திருந்த எங்களிடம் அவர் கேட்டது, “அச்சம் எத்தனை வழியாற் பிறக்கும்?” என்பதே. நாங்கள் விழித்தோம். அவர் கரும்பலகையிலே தொல்காப்பியர் வகுத்த மெய்ப்பாடு எட்டினையும் எழுதினார். அச்சத்துக்கு நிலைக்களங்கள் நான்கு: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. நகைக்கு நான்கு: எள்ளல், இளமை, பேதைமை, மடன். அழுகைக்கு நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பின்னர் அவர் சொன்னதை இன்றும் மறவேன். “திடுக்கிடுதல் வேறு, அச்சம் வேறு. பின்னாலே வந்து கைதட்டினாற் பூனையும் திடுக்கிடும். மெய்யான அச்சம் நல்ல புலவன் கையிலே போய்ச் சேருமிடம் அழுகை. அணங்கு என்று நீ நடுங்கினது, நெருங்கிப் பார்த்தால் யாரோ ஒருவருடைய இழவாக இருக்கும்” என்றார். அதன் பின்னரே பிரம்பை எடுத்தார்.

அந்தப் பாடத்தை நான் மறந்துபோனேன். கொழும்பிலே அரசாங்க எழுதுவினைஞனாகி, மணம் புரிந்து, வெள்ளவத்தையிலே குடியிருந்தேன். ஊரிலே எங்கள் பழைய நாற்சார் வீட்டில் என் தமக்கையாரும் அத்தானும் பிள்ளைகள் இருவரும் எங்கள் அம்மம்மாவும் வாழ்ந்து வந்தனர். வீட்டின் தெற்குப் பக்கத்து அறை அம்மம்மாவினுடையது. 1995ஆம் ஆண்டிலே அவருக்குத் தொண்ணூறு வயது அணித்தாக இருந்தது. நினைவு தடுமாறும். படலையைத் தாண்டினால் திரும்பி வர வழி தெரியாது.

அவ்வாண்டு ஒக்டோபர் மாதம் 30ஆந் திகதி வலிகாமம் முழுவதும் ஓரிரவிலே பெயர்ந்த வரலாற்றை இம்மலரைப் படிப்போருக்கு நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. மழையிலே, இருளிலே, இலட்சக்கணக்கானோர் தென்மராட்சியை நோக்கி நடந்தனர். அம்மம்மா தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்று விட்டார். தூக்கிச் செல்ல வண்டியில்லை. இருந்தது துவிச்சக்கர வண்டி ஒன்றே. அடுத்த வளவிலிருந்த முதியவர் ஒருவரும் ஊரைவிட்டு வர மறுத்தார். கிழவியைத் தாம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். என் தமக்கையார் கஞ்சியும் தண்ணீரும் அருகில் வைத்து, கிழவி வெளியே இறங்கி ஷெல் விழும் தெருவிலே அலைந்துவிடக் கூடாதென்று கதவை வெளியே பூட்டி, மாற்றுத் திறப்பை அம்முதியவர் கையிலே கொடுத்துவிட்டுப் புறப்பட்டார். இரண்டு நாளிலே திரும்பிவிடலாம் என்றே எல்லோரும் நினைத்தனர். அவர்கள் திரும்பியது 1996ஆம் ஆண்டு சித்திரை மாதத்திலே. அம்மம்மாவும் இல்லை, அம்முதியவரும் இல்லை. கிழவி மார்கழியிலே வீட்டில் இறந்தார் என்றும், ஊரிலே எஞ்சியிருந்தவர்கள் வளவிலேயே தகனஞ் செய்தனர் என்றும், முதியவர் அதன்பின் நோயுற்று இறந்தார் என்றும் அறிந்தனர். அவ்வளவே அறியக் கூடியதாயிருந்தது.

சில மாதங்களில் அத்தானிடமிருந்து கடிதம் வந்தது. விளக்கு வைக்கும் வேளையானதும் தமக்கையார் தெற்கறையிலே போய் இருந்துகொண்டு அம்மம்மாவின் குரலிலே பேசுகிறார் என்றும், விடிந்தால் ஒன்றும் நினைவில்லை என்றும் எழுதியிருந்தார். பாதுகாப்பு அமைச்சின் அனுமதி பெற்றுத் திருகோணமலையிலிருந்து கப்பலேறிக் காங்கேசன்துறையிலே இறங்கி வீட்டுக்குச் சென்றேன். அன்று மாலை அக்குரலை என் காதாலேயே கேட்டேன். “பிள்ளையள், கதவைத் திறவுங்கோ. தண்ணி விடாய்க்குது” என்றது. என் தமக்கையாருடைய தலைமுறையினர் எவரும் வழங்காத பழஞ்சொற்கள் பல அவர் வாயிலிருந்து வந்தன. நான் படித்தவன், ஆயினும் அக்கணத்திலே என் மயிர் சிலிர்த்தது. கிழவியின் ஆவி வந்துவிட்டது என்று அயலவர் சொன்னபோது நான் மறுக்கவில்லை. வெளியூரிலிருந்து பேயோட்டுவோன் ஒருவன் வரவழைக்கப்பட்டான். வேப்பங்குழையாலும் பின்னர் பிரம்பாலும் அவன் என் தமக்கையாரை அடித்தான். மூன்று முறை வந்தான். அவனுக்குக் கூலி அனுப்பியவன் நானே. இதனை எழுதக் கை கூசுகின்றது. எனினும் எழுதாமல் விட்டால் இக்கட்டுரைக்குப் பொருளில்லை.

1997ஆம் ஆண்டிலே வெள்ளவத்தையில் நண்பர் ஒருவர் வீட்டில், வாடகைக்கு எடுத்த வீடியோ நாடாவிலே ஒரு மலையாளப் படத்தைப் பார்த்தேன். 1993ஆம் ஆண்டிலே பாசில் நெறிப்படுத்த, மது முட்டம் கதை எழுதிய ‘மணிச்சித்திரத்தாழ்’ அது. மணிகளும் சித்திர வேலையும் உடைய பூட்டு என்பது அப்பெயரின் பொருள். கேரளத்துப் பழைய நாலுகெட்டு வீடு ஒன்று. அதன் தெற்குப் பகுதியிலே பூட்டிக் கிடக்கும் அறை ஒன்று. எங்கள் நாற்சாரும் அவர்களுடைய நாலுகெட்டும் ஒரே குடும்பத்துக் கட்டடங்கள். நடு முற்றமும் நாற்புறத் தாழ்வாரமும் கண்டபோது எங்கள் வீட்டையே காண்பதுபோல் இருந்தது. பெரும்பகுதியை எடுத்த இடங்கள் திருப்பூணித்துறை மலை அரண்மனையும் பத்மநாபபுரம் அரண்மனையும் என்று பின்னர் அறிந்தேன். பத்மநாபபுரம் 1956க்குப் பின் தமிழ்நாட்டுக் கன்னியாகுமரி மாவட்டத்துள் அடங்கினும், அவ்வரண்மனையைக் கேரள அரசே பேணி வருகின்றது. இரு நாட்டுக்கும் நடுவே நிற்கும் அவ்விடம் இக்கதைக்கு மிகப் பொருந்தியதே.

கதையைச் சுருங்கச் சொல்வேன். அவ்வீட்டுத் தலைவன் ஒருவன் முற்காலத்திலே தஞ்சாவூரிலிருந்து நாகவல்லி என்னும் ஆடல் மகளைக் கொண்டுவந்து அடைத்து வைத்தான். எதிர் வீட்டிலிருந்த ஆடற் கலைஞனை அவள் காதலித்தாள் என்று அறிந்து, துர்க்காட்டமி இரவிலே அவளைக் கொன்றான். பல தலைமுறைக்குப் பின் அவ்வீட்டுக்கு வாழ வந்த கங்கை என்னும் பெண், மாற்றுத் திறப்பு ஒன்று செய்வித்து அவ்வறையைத் திறக்கிறாள். அதன் பின்னர் இரவிலே அவள் நாகவல்லி ஆகிவிடுகிறாள். கணவனின் நண்பனாகிய உளமருத்துவர் வருகிறார். ஆவி எதுவும் இல்லை. கங்கையின் மனமே இரண்டாகப் பிரிந்திருக்கின்றது என்று காண்கிறார். அதன் காரணத்தைத் தேடி அவள் பிறந்த ஊருக்குச் செல்கிறார். பெற்றோர் தொலைவிலே கல்கத்தாவில் இருக்க, கிராமத்திலே பாட்டியிடம் கதை கேட்டு வளர்ந்த தனிச் சிறுமி கங்கை. அப்பாட்டியிடமிருந்து அவளைப் பறித்தெடுத்தபோது விரிசல் விழுந்த மனம் அது. கங்கையாக நடித்த ஷோபனாவுக்கு இந்திய தேசிய விருது கிடைத்தது, தகுதியான விருது.

அப்படத்திலே மலையாளிகளுக்கு அச்சமூட்டியது யாது? தம் வீட்டு மருமகள் திடீரெனத் தமக்குப் பழக்கமில்லாத வேற்று மொழியிலே சீறியதே. அவ்வேற்று மொழி தமிழ். எனக்கோ அங்கே எதிர்மாறாக நிகழ்ந்தது. படத்தின் மலையாளப் பேச்சிலே பாதி எனக்கு விளங்கவில்லை. முழுவதும் விளங்கியது அந்த அணங்கு பேசியது மட்டுமே. எல்லோரும் எவளைக் கண்டு ஓடினார்களோ, அவள் என் மொழியிலே தன் இழவைச் சொன்னாள். ஊரைவிட்டுக் கொண்டுவரப்பட்டு, அறையிலே பூட்டப்பட்டு, அங்கேயே செத்துப்போன ஒருத்தியின் முறையீடு அது. அப்போதுதான் முப்பது ஆண்டுக்கு முன் கரும்பலகையிலே எழுதப்பட்ட பாடம் எனக்கு நினைவுக்கு வந்தது. நெருங்கிப் பார்த்தால் யாருடையதோ இழவாக இருக்கும் என்று ஆசிரியர் சொன்னார் அல்லவா? பாட்டியிடமிருந்து பறிக்கப்பட்ட கங்கை, பூட்டிய அறையிலே பாட்டியை விட்டுவந்த என் தமக்கையார் என்று ஒன்றன் மேலொன்றாக என் மனத்திலே விழுந்தன. படம் முடிந்தபின் நெடுநேரம் எழுந்திருக்க முடியாமல் இருந்தேன்.

மறுநாளே அத்தானுக்குக் கடிதம் எழுதினேன். பேயோட்டுவோன் இனி வீட்டுப் படலையை மிதிக்கக் கூடாதென்றும், தமக்கையாரை உளமருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டுமென்றும் எழுதினேன். அக்காலத்திலே அச்சொல்லே எங்கள் ஊரில் அவமானமாகக் கருதப்பட்டது. ஆயினும் போரினால் உண்டாகும் மனக் காயங்களைப் பற்றி யாழ்ப்பாணத்திலே பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோர் ஏற்கெனவே ஆராய்ந்தும் எழுதியும் வந்தனர்; அவருடைய ‘ஸ்கார்ட் மைன்ட்ஸ்’ என்னும் ஆங்கில நூல் 1998ஆம் ஆண்டில் வெளிவந்தது. வழி இல்லாமலில்லை, தேடாமலிருந்தது எங்கள் குற்றமே.

உளமருத்துவர் என் தமக்கையாரை அதட்டவுமில்லை, ஆவி பொய் என்று வாதிடவுமில்லை. பல நாள் பேசவிட்டுக் கேட்டிருந்தார். பின்னர் ஒருநாள், “நீங்கள் திரும்பி வந்த நாளில் கதவு பூட்டியிருந்ததா, திறந்திருந்ததா?” என்று கேட்டாராம். தமக்கையார் அன்று விடை சொல்லவில்லை. மூன்றாம் முறை சென்றபோது, “திறந்து கிடந்தது. பூட்டிலை திறப்பு இருந்தது” என்றார். முதியவர் தம் சொல்லைக் காத்திருந்தார். கிழவி பூட்டிய கதவுக்குப் பின்னே தாகத்தால் சாகவில்லை. அத்திறப்பைத் தம் கண்ணாலே கண்டும், குற்றவுணர்ச்சி அதனை மறைத்துவிட்டது. அதனை அவர் சொன்ன அன்று வாய்விட்டு அழுதார். ஊருக்குத் திரும்பிய பின்னர் அவர் அழுதது அதுவே முதன்முறை. நோய் ஒரு நாளிலே நீங்கிற்று என்று சொல்லேன். படத்திலே காட்டுவதுபோல ஓரிரவிலே நடத்தும் உபாயத்தினால் இத்தகைய நோய் தீர்வதில்லை. மருந்தும் பேச்சும் பொறுமையுமாக இரண்டு ஆண்டுகள் சென்றன. அதன்பின் அக்குரல் வரவில்லை. அப்பூட்டையும் திறப்பையும் தமக்கையார் துணியிலே சுற்றித் தம் பெட்டகத்திலே வைத்துக்கொண்டார்.

இனி ஏமாற்றத்துக்கு வருவேன். 2005ஆம் ஆண்டு ஏப்பிரல் 14ஆந் திகதி, சிவாஜி புரொடக்‌ஷன்ஸ் தயாரிப்பிலே, பி. வாசு நெறிப்படுத்திய ‘சந்திரமுகி’ வெளிவந்தது. அதே கதையை அவர் 2004ஆம் ஆண்டிலே கன்னடத்தில் ‘ஆப்தமித்ரா’ என எடுத்திருந்தார். அது சௌந்தர்யா நடித்து, அவர் விமான விபத்திலே இறந்தபின் வெளியான படம். தமிழிலே ரஜினிகாந்த் உளமருத்துவர், பிரபு கணவர், ஜோதிகா கங்கை. அது போர்நிறுத்த காலம்; ஏ-9 பாதை திறந்திருந்தது. நான் குடும்பத்தோடு ஊருக்கு வந்தபோது யாழ்ப்பாணத்திலே அப்படம் காட்டப்பட்டது. உள்ளம் களித்தேன். மலையாளம் அறியாத என் தமக்கையாருக்கு, தம்மைக் காத்த கதையைத் தம் மொழியிலேயே காட்டலாம் அன்றோ? வான் ஒன்று பிடித்து, வீட்டார் அனைவரையும் ஏற்றிக்கொண்டு, பொல்கனியிலே இடம் எடுத்தேன். “அக்கா, இது உங்களுக்கெண்டே எடுத்த படம்” என்று சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

முதற் படத்திலே மருத்துவர் ஏறத்தாழக் கதையின் நடுவிலேதான் வருகிறார். அதுவரை அவ்வீட்டாரின் அச்சத்தோடு நாமும் தனித்து விடப்படுகிறோம். அதனாலேயே அவர் வருகையிலே ஆறுதல் பிறக்கின்றது. தமிழ்ப் படத்திலோ மருத்துவர் தொடக்கத்திலேயே சண்டையிட்டுக்கொண்டு தோன்றினார். அடுத்துப் பாட்டும் ஆட்டமும் வந்தன. அப்படிப்பட்ட ஒருவர் வீட்டிலிருக்கும்போது எவருக்கு அச்சம் வரும்? அணங்கினால் வர வேண்டிய அச்சம் போதாதென்று கண்டார்கள் போலும், அறையிலே பெரும் பாம்பு ஒன்றையும் ஓடவிட்டார்கள். தொல்காப்பியரின் இரண்டாவது நிலைக்களமாகிய விலங்கும் சேர்ந்தது. கதைக்கும் அப்பாம்புக்கும் என்ன உறவென்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

இரண்டாவது, மொழி. மலையாளத்திலே தமிழ் பேசிய அணங்கு தமிழிலே எம்மொழி பேசும்? தெலுங்கு பேசிற்று. அவள் ஆந்திர நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவள் என்று மாற்றினார்கள். இதனை நான் குற்றமாகச் சொல்லவில்லை. வேற்று மொழி என்ற சட்டகம் கதைக்கு வேண்டும்; 2007ஆம் ஆண்டு இந்தியிலே எடுத்தபோது அவள் வங்காளியானாள். ஆயினும் மூலத்திலே நமக்கிருந்த பேறு வேறெந்த மொழியாருக்கும் இல்லை: ஊரார் பேயென்று ஓடியவளை நம்மால் மட்டுமே உறவென்று அறிய முடிந்தது. நம் மொழிக்குக் கதை வந்தபோது அந்த ஒரு பேறே நம்மை விட்டுப் போயிற்று.

மூன்றாவதுதான் என்னைச் சுட்டது. ஆடல் மகளைக் கொன்ற கொடிய தலைவனின் வேடத்தையும் அந்த நாயகரே ஏற்றார். அவன் திரையிலே தோன்றியபோது மண்டபம் முழுவதும் சீட்டியடித்துக் கைதட்டியது. பெண்ணை அடைத்து வைத்தவன், கொன்றவன்; அவனுக்குக் கைதட்டல்! தம் இறையினால் வரும் அச்சம் உவகையாக மாறிவிட்டது. அதற்கு முன்னர், நோயுற்ற பெண்ணைக் கண்டு வடிவேலு நடுங்கிய இடமெல்லாம் மண்டபம் சிரித்துக்கொண்டிருந்தது. சிரிப்பு ஆகாது என்பதன்று. மூலத்திலும் சிரிப்பு உண்டு. முன்பாதியிலே இன்னசென்றும் பப்புவும் நம்மை நன்கு சிரிக்க வைப்பர். ஆயினும் நோய் இன்னாருக்கு என்று தெரிந்தபின் அங்கே சிரிப்பு அடங்கி, அச்சம் அழுகையாகின்றது. இங்கே அச்சம் நகையாயிற்று. அந்நகையும் எள்ளலாற் பிறந்த நகையாயிற்று. கங்கையின் குழந்தைப் பருவத் துயரம் இத்தனை ஆரவாரத்தின் நடுவே என் மனத்திலே பதியவேயில்லை.

நான் திரையைப் பார்க்காமல் தமக்கையாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சேலைத் தலைப்பை விரலிலே சுற்றியபடி அசையாமல் இருந்தார். சுற்றியிருந்தோர் சிரித்த ஒவ்வொரு முறையும், எங்கள் தெற்கறையின் வாசலிலே நின்று வேடிக்கை பார்த்த அயலவரின் முகங்கள் எனக்குத் தோன்றின. வானிலே திரும்பி வரும்போது மருமகன் படத்தின் பகிடிகளைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். நான் பொறுக்கமாட்டாமல் படத்தை வைதேன். அவன், “மாமா, படம் எண்டால் சிரிக்கத்தானே போறது? இந்த ஊரிலை அழுகிறதுக்குக் காசு குடுத்துப் போக வேணுமே?” என்றான். அதற்கு நான் விடை சொல்லவில்லை. அவன் சொன்னதிலும் நீதி உண்டு. சென்னையிலே சாந்தி படமாளிகையில் அப்படம் எண்ணூறு நாளுக்கு மேல் ஓடிற்று. அத்தனை பேரும் மூடர் என்று சொல்ல நான் யார்?

வீட்டுக்கு வந்து, விறாந்தையிலே எல்லோரும் உறங்கப் போனபின், தமக்கையார் என்னை அழைத்தார். “தம்பி, எல்லாரும் சிரிச்சினம். அந்தப் பெட்டைக்கு வருத்தமெண்டு ஒருத்தரும் நினைக்கேல்லை” என்றார். மன்னிப்புக் கேட்க நான் வாய் திறந்தேன். அவர் கையமர்த்தினார். “ஆனால் ஒண்டு பார்த்தனி? அந்தப் புருசன் கடைசிவரைக்கும் அவளை விட்டிட்டுப் போகேல்லை. உங்கடை அத்தானும் அப்பிடித்தான். அடிக்க வந்தவனைக் கடைசியாய்ப் பிடிச்சுத் தள்ளினது அவர்தான். உனக்கு எழுதேல்லையாக்கும்” என்றார்.

எனக்கு அது புதிய செய்தி. பேயோட்டுவோனை நிறுத்தியது என் கடிதம் என்றே எட்டு ஆண்டுகளாக நான் எண்ணியிருந்தேன். கடிதம் போய்ச் சேரும் முன்னரே, படம் ஒன்றும் பாராத, பள்ளியிலே எட்டாம் வகுப்பைத் தாண்டாத அத்தான் அவனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கிறார். கூலி அனுப்பிய மைத்துனன் மனம் நோகக் கூடாதென்று சொல்லாமல் இருந்திருக்கிறார். நான் பிரபுவின் நடிப்பைக் கவனிக்கவேயில்லை. மூலத்திலே சுரேஷ் கோபி நடித்த கணவனையும் பெரிதாக எண்ணினேனில்லை. இரு படத்திலும் என் கண் மருத்துவர் மேலேயே இருந்தது. ஏனெனில் அம்மருத்துவராக என்னை நானே எண்ணிக்கொண்டிருந்தேன். குறைபட்ட அப்படத்திலே என் தமக்கையார் கண்டெடுத்த ஒன்றை நிறைவான மூலத்திலே நான் காணவில்லை.

ஆதலால் மறுவாக்கங்களைப் பற்றி இன்று என் தீர்ப்பு முன்போலக் கடுமையானதன்று. எனினும் தீர்ப்பு மாறவுமில்லை. ‘யார் நீ?’ என்னும் படத்தை நாங்கள் பார்த்தபோது அதற்கு இந்தி மூலம் உண்டென்பதே எங்களுக்குத் தெரியாது; எங்கள் அச்சத்துக்கு அது போதுமானதாயிருந்தது. மறுவாக்கம் என்பது மாற்றுத் திறப்புப் போன்றது. மூலத் திறப்பின் பளபளப்பு அதற்கு வேண்டுவதில்லை. பல் சரியாக வெட்டப்பட்டிருந்தால் போதும், கதவு திறக்கும். ‘சந்திரமுகி’யிலே திறப்பின் பிடிக்குப் பொன்முலாம் பூசினார்கள், பல்லைத் தேய்த்துவிட்டார்கள் என்பதே என் குறை. மண்டபம் முழுவதற்கும் திறவாத கதவு என் தமக்கையார் ஒருவருக்குச் சற்றே திறந்ததென்றால், அது அவர் வாழ்ந்த வாழ்வின் வலிமை.

நோயின் பெயரும் இன்று மாறிவிட்டது. அக்காலத்திலே பிளவுபட்ட ஆளுமை என்றும் பன்முக ஆளுமை என்றும் சொன்னதனை, 1994ஆம் ஆண்டிலே அமெரிக்க உளமருத்துவர் சங்கம் பிரிநிலை அடையாளக் கோளாறு என மறுபெயரிட்டது. என் தமக்கையாரின் நோய் அதுதானா என்று மருத்துவர் எங்களுக்கு ஒருபோதும் பெயர் சூட்டிச் சொன்னதில்லை. “துக்கம் இருக்க இடமில்லாமல் வேறு குரலிலே வந்தது” என்று மட்டும் சொன்னார்.

தமக்கையார் 2019ஆம் ஆண்டிலே இறைவனடி சேர்ந்தார். இக்கதையை எழுதலாம் என்று உயிரோடிருந்தபோதே எனக்கு உத்தரவு தந்திருந்தார். ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் வேண்டாம் என்றார். 2023ஆம் ஆண்டிலே ‘சந்திரமுகி’யின் இரண்டாம் பாகம் வந்தது, நான் பார்க்கவில்லை. 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ‘மணிச்சித்திரத்தாழ்’ துலக்கிய பிரதியாகக் கேரளத்துப் படமாளிகைகளிலே மீண்டும் திரையிடப்பட்டது என்று படித்து, வீட்டிலே பழைய பிரதியைப் போட்டு அத்தானுடன் இருந்து பார்த்தேன். அவருக்கு இப்போது எண்பது வயது. நாகவல்லி தமிழிலே முறையிட்ட இடத்தில் அவர், “ஐயோ பாவம், பிள்ளை” என்றார். அச்சம் என்பது அவர் முகத்திலே சிறிதும் இல்லை.

இன்று கல்லூரியிலே பயிலும் இளவல்களுக்கு ஒரு சொல். பேய்ப்படங்களைப் பாருங்கள், மதிலேறிக் குதிக்க வேண்டிய தேவையும் இக்காலத்திலே உங்களுக்கு இல்லை. ஆனால் மண்டபம் சிரிக்கும்போது, யாரைப் பார்த்துச் சிரிக்கின்றோம் என்று ஒருகணம் எண்ணிப் பாருங்கள். உங்கள் ஊரிலும் விளக்கு வைக்கும் வேளையிலே வேறு குரலிலே பேசும் ஒருத்தி இருக்கக் கூடும். வேப்பங்குழையை எடுக்குமுன் அவள் என்ன சொல்கிறாள் என்று கேளுங்கள். இதனை எனக்கு முதலிற் கற்பித்தவர், கரும்பலகையிலே எட்டு மெய்ப்பாட்டை எழுதிவிட்டுப் பிரம்பெடுத்த தமிழாசிரியர். அவர் தந்த அடி அன்றே ஆறிவிட்டது, பாடம் ஆறவில்லை. அத்தகைய ஆசிரியர்களைத் தந்த நம் கல்லூரி அன்னை நீடு வாழ்க.